செயல்திட்ட வழிக் கற்றல்: வகுப்பில் நடத்த நினைக்கும் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாடம் முடிந்ததும் சார்ட் ஒட்டி மாடல் செய்யச் சொல்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. பாடத்தை ஆசிரியர் நடத்தி முடித்த பிறகு அலங்காரமாகச் செய்யச் சொல்வது ஒப்படைப்பு. செயல்திட்ட வழிக் கற்றலில் பாடமே செயல்திட்டத்துக்குள்தான் நடக்கிறது. ஒரு கேள்வியை முதல் நாளே வகுப்பின் முன் வைக்கிறோம். அதற்குப் பதில் சொல்ல என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதையெல்லாம் வழியிலேயே கற்பிக்கிறோம். கடைசியில் அந்தப் பதில் உண்மையிலேயே தேவைப்படும் ஒருவர் முன் அது போய் நிற்கிறது.

உங்கள் திட்டம் எந்த வகை என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. செயல்திட்டத்தை எடுத்துவிட்டால் பாடத்தில் எதுவும் குறையவில்லையா? அப்படியானால் அது ஒப்படைப்புதான். ஒப்படைப்பு தருவதில் தவறில்லை. அதைத் தந்துவிட்டு, பிள்ளைகள் இதன் வழியாகக் கற்றார்கள் என்று குறிப்பேட்டில் எழுதுவதுதான் தவறு.

இது புதிதாக வந்த முறையா?

நூறாண்டுக்கு மேல் பழையது. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் ஹெர்ட் கில்பாட்ரிக் 1918இல் எழுதிய கட்டுரைதான் 'செயல்திட்ட முறை' என்ற பெயரைப் பள்ளிகளில் பரவலாக்கியது. அவருக்கு முன்பே அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி, 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொடங்கிய பள்ளியில் சமையல், நெசவு, தச்சு வழியாக அறிவியலும் கணக்கும் கற்பிக்க முயன்றார். எல்லா அனுபவமும் ஒரேபோல் கல்வி தந்துவிடாது என்று 1938இல் எழுதியவரும் அதே டூயிதான். அந்த எச்சரிக்கையைத்தான் பலரும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

இந்த முறையில் பிள்ளைகள் குறைவாகத்தான் கற்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்களே?

சொன்னார்கள். அவர்கள் எதைச் சொன்னார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவர் 2006இல் எழுதிய கட்டுரையின் வாதம் இது: ஒரு துறைக்குப் புதியவரிடம் வழிகாட்டல் இல்லாமல் சிக்கலைக் கொடுத்தால், வழி தேடுவதிலேயே அவருடைய மனத்தின் கொள்ளளவு தீர்ந்துவிடும், கற்றுக்கொள்ள இடம் மிஞ்சாது. மறுத்து எழுதியவர்கள், நன்றாக வடிவமைத்த செயல்திட்டத்தில் வழிகாட்டல் நிறையவே இருக்கிறது என்றார்கள்.

வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு இரண்டு வாதங்களும் ஒரே அறிவுரையைத்தான் தருகின்றன. 'நீங்களே கண்டுபிடியுங்கள்' என்று விட்டுவிட்டு மேசையில் போய் உட்கார்ந்தால் திட்டம் தோற்கும். நேரடியாகக் கற்பிக்க வேண்டியதை நேரடியாகவே கற்பியுங்கள். அதைக் கேட்கும் தேவை பிள்ளைகளுக்கு வந்த பிறகு கற்பிக்கிறீர்கள் என்பது மட்டுமே வேறுபாடு.

எல்லாப் பாடத்துக்கும் பொருந்துமா?

பொருந்தாது. எழுத்துக் கூட்டிப் படிப்பது, வாய்ப்பாடு, பின்னத்தைச் சுருக்குவது போன்றவற்றுக்குத் தெளிவான விளக்கமும் நிறையப் பயிற்சியும்தான் வேண்டும். அளவீடு, விகிதம், தரவு, சூழலியல், குடிமையியல், கட்டுரை எழுதுதல், உள்ளூர் வரலாறு போன்ற அலகுகளில் இந்த முறை நன்றாக ஓடும். ஒரு பருவத்தில் ஒரு பாடத்துக்கு ஒரு செயல்திட்டம் போதும். முதல்முறை நடத்துபவர் ஆண்டுக்கு ஒன்று நடத்தினாலே நல்ல தொடக்கம்.

நல்ல மையக் கேள்வியை எப்படி அமைப்பது?

பெரும்பாலான திட்டங்கள் இந்த இடத்தில்தான் பாழாகின்றன. 'தண்ணீரைப் பற்றி ஒரு செயல்திட்டம்' என்பது தலைப்பு, கேள்வி அல்ல. 'தண்ணீர் ஏன் முக்கியம்?' என்பது கேள்வி போலத் தெரியும். ஆனால் பதில் எல்லோருக்கும் முன்பே தெரியும், அளக்க ஒன்றுமில்லை, வந்து சேர்வதெல்லாம் முழக்கங்கள்தான்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'நம் பள்ளியில் ஒழுகும் குழாய்களால் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் போகிறது? எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?' இதற்குப் பதில் இணையத்தில் கிடைக்காது. அளக்காமல் சொல்ல முடியாது. அலகு மாற்றமும் சராசரியும் தெரியாமல் அளந்தும் பயனில்லை. இரண்டாவது பாதியில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருப்பதால் வாதத்துக்கும் இடம் இருக்கிறது.

வரிசையும் முக்கியம். முதலில் பாடத்திட்டத்திலிருந்து இரண்டு அல்லது மூன்று கற்றல் விளைவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அவை இல்லாமல் பதில் சொல்ல முடியாத கேள்வியைத் தேடுங்கள். சுவையான ஒரு செயலை முதலில் பிடித்துக்கொண்டு பின்னால் கற்றல் விளைவை ஒட்டவைத்தால் ஒட்டாது.

ஒரு திட்டம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எப்படி இருக்கும்?

அதே குழாய்க் கேள்வியை ஏழாம் வகுப்புக்கு எடுத்துக்கொள்வோம். கற்றல் விளைவுகள் மூன்று: மில்லிலிட்டர், லிட்டர் மாற்றமும் விகிதமும், சராசரியின் பொருள், தரவை ஆதாரமாக வைத்து ஒரு பரிந்துரைக் கடிதம். 40 நிமிடப் பாடவேளைகள் 12 போதும்.

குழுவுக்கு வேண்டியவை: அகன்ற வாய் உள்ள ஒரு லிட்டர் பாட்டில், 100 மில்லி அளவு உருளை, புனல், நொடி காட்டும் கடிகாரம், அரை மீட்டர் நூல், அட்டவணைத் தாள். அளவு உருளை இல்லையென்றால் கண்ணாடி பாட்டிலின் மேல் காகிதப் பட்டை ஒட்டி, மருந்து அளக்கும் 10 மில்லி மூடியால் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் கோடு போட்டுக்கொள்ளலாம். அதை அவர்களே செய்யட்டும். அளவுகோல் என்றால் என்ன என்பது அந்த வேலையிலேயே புரிந்துவிடும்.

முதல் பாடவேளையில் குழாய்களைப் பார்த்துவருகிறார்கள். திரும்பியதும் 'தெரிந்தவை', 'தெரிய வேண்டியவை' என்று இரண்டு பத்திகள் உள்ள ஒரு தாள் சுவரில் ஏறுகிறது. திட்டம் முடியும்வரை அது அங்கேயே இருக்கும், ஒவ்வொரு வாரமும் அதில் அடிப்பார்கள், சேர்ப்பார்கள்.

இரண்டாவது பாடவேளை முழுக்க நேரடிப் பாடம்: உருளையைச் சமதளத்தில் வைத்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து, வளைவின் அடிப்பகுதியைப் படிப்பது, 1000 மில்லி ஒரு லிட்டர், நான்கு பயிற்சிக் கணக்குகள்.

மூன்றாவதில் எல்லாக் குழுக்களும் ஒரே குழாயை அளக்கின்றன. விடைகள் ஒத்துவராது. ஏன் ஒத்துவரவில்லை என்ற பேச்சுதான் அன்றைய பாடம். அதன் முடிவில் 'நாம் இப்படித்தான் அளப்போம்' என்ற ஐந்தாறு விதிகளை வகுப்பே எழுதிக்கொள்கிறது. இந்தப் பாடவேளையை மட்டும் ஒருபோதும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

நான்கும் ஐந்தும் அளவீடு. குழுவுக்கு இரண்டு குழாய்கள். ஒவ்வொன்றையும் காலை, நண்பகல், பள்ளி முடியும் நேரம் என்று மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 10 நிமிடம். காலை, மாலை அளவீடுகளைப் பாடவேளைக்கு வெளியேதான் எடுக்க முடியும், அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாவதில் கணக்கு. 10 நிமிடத்தில் 30 மில்லி சேர்ந்தால் மணிக்கு 180 மில்லி, நாளுக்கு 4320 மில்லி, அதாவது 4.32 லிட்டர். அன்றே ஐந்து கேள்விகள் கொண்ட தனித்தேர்வு.

ஏழாவதில் துளி எண்ணிச் சரிபார்ப்பு. ஒரு மில்லிக்கு ஏறத்தாழ 20 துளி என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நொடிக்கு ஒரு துளி என்றால் 10 நிமிடத்தில் 600 துளி, அது 30 மில்லி. ஆனால் துளியின் அளவு குழாய்க்குக் குழாய் மாறும் என்பதால் 10 மில்லி நிரம்ப எத்தனை துளி என்று அவர்களே எண்ணி அந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டும்.

எட்டாவதில் பட்டை வரைபடமும் முன்னுரிமைப் பட்டியலும். ஒன்பதாவதில் பரிந்துரைக் கடிதத்தின் முதல் வரைவு. பத்தாவதில் குழுக்கள் வரைவுகளை மாற்றிப் படித்துக் கருத்து எழுதுகின்றன. பதினொன்று திருத்தம். பன்னிரண்டாவதில் தலைமை ஆசிரியரும் குழாய் பழுதுபார்ப்பவரும் வகுப்பில் உட்கார்ந்து கேட்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள்.

இதில் எங்கெல்லாம் தவறு நடக்கும்?

முதலில் கருவி. குழாயின் வாயிலிருந்து நேராகச் சொட்டாமல் அடிப்பக்கம் வழிந்து ஓடும் தண்ணீர் பாட்டிலுக்கு வெளியே போய்விடும். அதற்குத்தான் அந்த நூல். குழாயின் மேல் கட்டி நுனியைப் பாட்டிலுக்குள் விட்டால் தண்ணீர் நூல் வழியே இறங்கும். நூலை முன்பே நனைத்துவிடுங்கள். காய்ந்த நூல் முதல் சில மில்லியைத் தானே குடித்துவிடும்.

அடுத்தது, குழாயைச் சரியாக மூடாமலே அளப்பது. பழுதால் போகும் தண்ணீர் வேறு, பழக்கத்தால் போகும் தண்ணீர் வேறு. 'இறுக மூடிய பின் அளந்தோம்' என்று அட்டவணையில் ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

காலையில் 45, மாலையில் 20 என்று எண்கள் வந்தால் பிள்ளைகள் ஒன்றைத் தவறு என்று அடித்துவிடுவார்கள். அடிக்க விடாதீர்கள். மேல்நிலைத் தொட்டி நிறைந்திருக்கும்போது அழுத்தம் அதிகம், ஒழுகலும் அதிகம். தொட்டி வற்ற வற்ற ஒழுகல் குறையும். மூன்று வேளை அளக்கச் சொல்வது இதற்காகத்தான். இந்தக் காரணத்தை ஒரு குழு தானாகக் கண்டுபிடித்தால் உங்கள் திட்டம் பாதி வெற்றி.

கணக்கில் எப்போதும் வரும் பிழை ஒன்று உண்டு. ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பதால் 10 நிமிட அளவை 60ஆல் பெருக்குவார்கள். 30 மில்லி மணிக்கு 1800 ஆகும், நாளுக்கு 43.2 லிட்டர் வந்து நிற்கும். எண் பெரிதாக இருப்பதால் குழுவுக்கு மகிழ்ச்சி, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். துளிக் கணக்கு இதைப் பிடித்துவிடும். சரிபார்ப்பு ஏன் தேவை என்று நீங்கள் உரையாற்ற வேண்டிய அவசியமே இருக்காது.

மிகவும் சுவையான பிழை சராசரியில் வரும். ஆறு குழாய்களில் ஒன்று 10 நிமிடத்தில் 200 மில்லி ஒழுகுகிறது, மற்ற ஐந்தும் 10 மில்லி வீதம் என்று வையுங்கள். மொத்தம் 250, சராசரி ஏறத்தாழ 42. 'எங்கள் பள்ளிக் குழாய் சராசரியாக 42 மில்லி ஒழுகுகிறது' என்று அழகாக எழுதிவிடுவார்கள். அப்படி ஒழுகும் குழாய் ஒன்றுகூட அங்கே இல்லை! ஒரு நாள் மொத்தம் 36 லிட்டர், அதில் 28.8 லிட்டர் ஒரே குழாயில் போகிறது. அந்த ஒன்றைச் சரிசெய்தால் 80 சதவீதம் நின்றுவிடும். மையக் கேள்வியின் இரண்டாவது பாதிக்குப் பதில் சராசரியில் இல்லை, பட்டை வரைபடத்தில்தான் இருக்கிறது. சராசரி எங்கே உதவும், எங்கே ஏமாற்றும் என்பதை இதைவிடத் தெளிவாகப் புத்தகத்துக் கணக்கால் காட்டுவது கடினம்.

12 பாடவேளை கொடுத்தால் சிலபஸ் எப்படி முடியும்?

வழக்கமான பாடவேளைகளுக்கு மேல் கூடுதலாகச் செய்தால் முடியாதுதான். அந்த அலகுக்கென்று ஏற்கெனவே உள்ள பாடவேளைகளைத்தான் செயல்திட்டம் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன திட்டத்தில் அலகு மாற்றம், சராசரி, பட்டை வரைபடம் மூன்றும் எப்படியும் நடத்த வேண்டியவை. கடித வரைவையும் திருத்தத்தையும் மொழி ஆசிரியர் தன் பாடவேளையில் எடுத்துக்கொண்டால் கணக்குக்கு ஒன்பதோ பத்தோதான் ஆகும்.

திட்டம் நீள்வதற்கு வழக்கமான காரணம் வெளியீட்டை அழகுபடுத்துவது. தலைப்பு எழுத்துக்கு வண்ணம் தீட்டவே ஒரு பாடவேளை போய்விடும். வெளியீடு இரண்டு பக்கக் கடிதமும் ஒரு வரைபடமும் மட்டும் என்று முதல் நாளே வரையறுத்துவிடுங்கள்.

குழுவில் எத்தனை பேர்? யார் பிரிக்க வேண்டும்?

நான்கு பேர். மூன்றில் ஒருவர் வராவிட்டால் வேலை நின்றுவிடும், ஐந்துக்கு மேல் போனால் ஒருவருக்கு வேலையே இருக்காது. ஆசிரியரே பிரிப்பது நல்லது. நண்பர்களாகச் சேரவிட்டால், யாரும் கூப்பிடாமல் நிற்கும் பிள்ளை வகுப்பின் முன் அவமானப்படும். நன்றாகப் படிப்பவர், மிகவும் பின்தங்கியவர் என்று இரு முனைகளையும் ஒரே குழுவில் போட்டால் முதலாமவர் ஆசிரியராகிவிடுவார், மற்றவர் பார்வையாளராகிவிடுவார். அடுத்தடுத்த நிலையில் இருப்பவர்களைச் சேர்ப்பது மேல். பிரித்த குழுவைத் திட்டம் முடியும்வரை மாற்றாதீர்கள். கடுமையான சச்சரவு வந்தால் மட்டும் விதிவிலக்கு.

ஒருவரே எல்லாம் செய்கிறார், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். என்ன செய்வது?

இது பிள்ளைகளின் குணக்கேடு அல்ல. பிரெஞ்சுப் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் கயிறு இழுக்கும் சோதனைகளில் கண்டு 1913இல் வெளியிட்டது இதுதான்: ஆட்கள் சேரச் சேர, ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்துகொண்டே போகிறது. பெரியவர்களே அப்படி என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

'தலைவர், எழுத்தர், நேரக்காப்பாளர்' என்று பட்டம் கொடுப்பது பெரிதாக உதவுவதில்லை. நேரக்காப்பாளர் நேரத்தைத் தவிர எதையும் கற்பதில்லை. எல்லோரும் எல்லாத் திறனையும் தொட வேண்டும். அளப்பது ஒருவர், படித்துச் சொல்வது ஒருவர், எழுதுவது ஒருவர், மறுபடி பார்த்து உறுதிசெய்வது ஒருவர் என்று வைத்து, ஒவ்வொரு அளவீட்டுக்கும் சுழற்றுங்கள்.

தகவல் திரட்டும் திட்டமாக இருந்தால் உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உருவாக்கிய துண்டுப்பட முறை கைகொடுக்கும். குழுவில் ஒவ்வொருவருக்கும் பாடத்தின் ஒரு துண்டு. அதே துண்டைப் பெற்ற மற்றக் குழுவினரோடு உட்கார்ந்து படித்துவிட்டு, தன் குழுவுக்குத் திரும்பி வந்து கற்பிக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டால் குழுவுக்கு அந்தத் துண்டு கிடைக்காது.

இவை எல்லாவற்றையும்விட வேலை செய்வது ஒன்று உண்டு. கடைசி நாள் யார் பேசுவார் என்பதை மேடையில் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்போம் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

குழு செய்த பொருள், குழுவிலுள்ள ஒவ்வொருவரும் கற்றதற்குச் சான்று ஆகாது. இந்த முறையில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. நூற்றுக்கு 40க்கு மேல் குழுவின் வெளியீட்டுக்குத் தராதீர்கள். மீதி 60 தனித்தனியாகச் சேர வேண்டும்: இடையில் நடக்கும் இரண்டு சிறு தேர்வுகள், ஒவ்வொருவரும் தானே எழுதிய அளவீட்டுக் குறிப்பேடு, முடிவில் ஒரு புதிய கணக்கு. புதிய கணக்கு என்றால் வேறு எண்கள், வேறு சூழல். குழாய்க்குப் பதில் மெழுகுவத்தி எரியும் வேகம் என்று கொடுத்துப் பாருங்கள். குழாயோடு மட்டும் ஒட்டிக்கொண்ட அறிவு அங்கே தெரிந்துவிடும்.

மதிப்பீட்டு அட்டவணையில் 'மிக நன்று, நன்று, சுமார்' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. கண்ணால் பார்க்கக்கூடியதை எழுதுங்கள். அளவீட்டுக்கு 4 மதிப்பெண் என்றால்:

4: மூன்று வேளையும் அளந்து, அலகோடு எழுதி, எண்கள் மாறியதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார்.
3: மூன்று வேளையும் அளந்து அலகோடு எழுதியிருக்கிறார், காரணம் இல்லை.
2: ஓரிரு வேளை விடுபட்டிருக்கிறது, அல்லது அலகு சில இடங்களில் இல்லை.
1: எண்கள் மட்டும் உள்ளன, எப்போது, எப்படி அளந்தார் என்பது இல்லை.

இதை வேலை தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். அழகுக்கும் வண்ணத்துக்கும் தனி மதிப்பெண் வேண்டாம். வைத்தால் நேரமெல்லாம் அதில்தான் போகும்.

வகுப்பில் 50 பேர் இருந்தால் நடத்த முடியுமா?

முடியும், ஆனால் எல்லாக் குழுவையும் தினமும் பார்த்துவிடலாம் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். 50 பேர் என்றால் நான்கு பேராகப் பத்துக் குழு, ஐந்து பேராக இரண்டு குழு. 40 நிமிடத்தில் 12 குழுவையும் பார்த்தால் ஒன்றுக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும், அதில் ஒன்றும் உருப்படியாகப் பேச முடியாது. நாளுக்கு ஆறு குழு, குழுவுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சுற்று முடியும். எல்லாக் குழுக்களும் பாடவேளை முடியும்முன் துண்டுச்சீட்டில் இரண்டு வரி எழுதித் தர வேண்டும்: இன்று எதைக் கண்டோம், எங்கே முட்டி நிற்கிறோம். 12 சீட்டைப் படிக்கப் பத்து நிமிடம் ஆகாது. மறுநாள் யாரிடம் முதலில் போக வேண்டும் என்பதை அவையே சொல்லிவிடும்.

சத்தம் இருக்கும். வேலைச் சத்தத்தையும் வெட்டிச் சத்தத்தையும் காது ஒரு வாரத்தில் பிரித்துப் பழகிவிடும்.

குழு முட்டி நின்றால் உடனே விடையைச் சொல்லலாமா?

முதலில் 'இதுவரை என்ன செய்தீர்கள், காட்டுங்கள்' என்று கேளுங்கள். காட்டும்போதே பாதிப் பிழை அவர்கள் கண்ணில் பட்டுவிடும். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு ஐந்து நொடி காத்திருப்பதுதான் கடினம். பொதுவாக ஆசிரியர்கள் ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்பதை மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளிலிருந்து காட்டினார். மூன்று நொடி பொறுத்தபோது மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் காரணங்களோடும் வந்தன.

ஒரே சிக்கலில் மூன்று நான்கு குழுக்கள் நின்றால் அது குழுவின் பிரச்சினை அல்ல, நாம் கற்பிக்காமல் விட்டது. எல்லோரையும் நிறுத்தி, கரும்பலகையில் பத்து நிமிடம் நடத்திவிடுங்கள். ஒரு குழு மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் நகராமல் இருந்தால் அடுத்த ஒரு படியை மட்டும் சொல்லுங்கள்.

வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் எப்படிப் பங்கெடுப்பார்கள்?

படித்துத் தகவல் திரட்டும் வேலையோடு திட்டம் தொடங்கினால் அவர்கள் முதல் நாளே வெளியே தள்ளப்படுவார்கள். அளப்பது, பார்ப்பது, கேட்டறிவது என்று தொடங்கினால் எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். எழுத வேண்டிய இடத்தில் வாக்கியச் சட்டம் கொடுங்கள்: 'நாங்கள் ____ குழாயை ____ முறை அளந்தோம். அதிக அளவு ____, குறைந்த அளவு ____. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ____ என்று நினைக்கிறோம், ஏனென்றால் ____.' சட்டம் வேண்டாம் என்பவர் சொந்தமாக எழுதட்டும். எழுத்துக்குப் பதில் படம் மட்டும் வரையவிட்டு ஒதுக்கிவைப்பது இரக்கம் போலத் தோன்றும், ஆனால் எழுதக் கற்கும் வாய்ப்பைத்தான் பறிக்கிறது.

வீட்டில் பெற்றோரே செய்து அனுப்பிவிடுகிறார்கள். தடுக்க வழி உண்டா?

செயல்திட்டத்தை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பொருளும் வரைவும் குறிப்பேடும் பள்ளியிலேயே இருக்கட்டும். வீட்டுக்குப் போகக்கூடியது பயிற்சிக் கணக்கும் வாசிப்பும்தான். பெற்றோரைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் கடைசி நாள் கேள்வி கேட்பவர்களாக அழையுங்கள்.

இணையத்திலிருந்தும் ஏஐ கருவியிலிருந்தும் அப்படியே எடுத்து எழுதுகிறார்களே?

மையக் கேள்வி 'மழைநீர் சேகரிப்பின் நன்மைகள்' என்பதாக இருந்தால் எழுதத்தான் செய்வார்கள். அப்படிப்பட்ட கேள்விக்கு ஏஐ தரும் பதிலில் குறை சொல்லவும் முடியாது. உங்கள் பள்ளியின் மூன்றாவது குழாய் செவ்வாய்க்கிழமை காலை எவ்வளவு ஒழுகியது என்பது எந்தக் கருவிக்கும் தெரியாது. சொந்தத் தரவு இருக்கும் திட்டத்தில் நகலெடுக்கும் சிக்கல் பெருமளவு தானே கரைந்துவிடும்.

கடித வரைவைக் கருவியிடம் கொடுத்துச் செப்பனிட அனுமதிப்பதா என்பது வகுப்பின் வயதைப் பொறுத்தது. அனுமதித்தால் கையால் எழுதிய முதல் வரைவும் உடன் வர வேண்டும், கடிதத்திலுள்ள எந்த எண்ணைக் காட்டிக் கேட்டாலும் எங்கிருந்து வந்தது என்று மாணவர் சொல்ல வேண்டும். இரண்டு நிமிட வாய்மொழிக் கேள்விக்கு மேல் நம்பகமான கண்டுபிடிப்பு முறை எதுவும் இல்லை.

மாணவர்கள் ஒருவருக்கொருவர் கருத்துச் சொன்னால் 'நல்லா இருக்கு' என்பதோடு நிறுத்திவிடுகிறார்களே?

எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாததால்தான். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு விஷயத்தைக் கொடுங்கள்: இந்தக் கடிதத்தில் ஆதாரம் இல்லாத வாக்கியத்தின் கீழ் கோடு போடுக. அடுத்த சுற்று: எந்த எண்ணுக்கு அலகு இல்லை? 'ரொம்பத் தண்ணீர் வீணாகிறது' என்ற வரியின் கீழ் கோடு விழுந்தால், எழுதியவர் '36 லிட்டர்' என்று தானே மாற்றிவிடுவார். கருத்தை வாங்கிய பிறகு திருத்த ஒரு பாடவேளை ஒதுக்காவிட்டால் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

கடைசி நாள் வெளியாட்கள் வர வேண்டுமா? வகுப்புக்குள்ளேயே பேசினால் போதாதா?

எல்லாக் குழுவும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும்போது, நான்காவது குழு பேசும் நேரத்தில் வகுப்பு தூங்கிவிடும். முடிவெடுக்கும் இடத்தில் உள்ள ஒருவர் வந்து உட்கார்ந்தால் நிலைமை மாறும். பெரிய விழா தேவையில்லை. குழுவுக்கு மூன்று நிமிடப் பேச்சு, மூன்று நிமிடக் கேள்வி. வருபவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்: பாராட்டு மட்டும் போதாது, 'இந்த எண் எப்படி வந்தது?' என்று ஒவ்வொரு குழுவிடமும் ஒரு முறையாவது கேட்க வேண்டும். பரிந்துரையை ஏற்க முடியாவிட்டால் அதற்கான காரணத்தையும் அவரே பிள்ளைகளிடம் சொல்லட்டும்.

பாதியில் திட்டம் சொதப்பினால் நிறுத்திவிடலாமா?

நிறுத்தலாம், ஆனால் முதலில் எது சொதப்பியது என்று பாருங்கள். தரவு தவறாக வந்திருந்தால் மறுபடி அளக்க ஒரு பாடவேளை போதும், பெரும்பாலும் அதுவே நல்ல பாடமாகிவிடும். நேரம் போதவில்லை என்றால் வெளியீட்டைச் சுருக்குங்கள்: கடிதம் வேண்டாம், வரைபடமும் ஐந்து வரியும் போதும். இடைத்தேர்வில் வகுப்பில் பாதிக்கு மேல் அடிப்படைக் கணக்கிலேயே தவறியிருந்தால் செயல்திட்டத்தை இரண்டு நாள் ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கை நடத்துங்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கேள்வியே தவறு என்று தெரிந்தால், அதாவது அளக்க எதுவும் இல்லை அல்லது பதில் எல்லோருக்கும் முன்பே தெரியும் என்றால், ஐந்தாவது பாடவேளைக்குள் முடித்துவிடுங்கள். அதுவரை செய்த குறிப்பேட்டு வேலைக்கு உரிய மதிப்பெண்ணை மட்டும் கொடுத்துவிடுங்கள்.